பிசாசுப் பெயர் பெற்ற சிற்றிறால்

(குடிகாட்டில் பேசியது)



கடலோரத்து ஜனங்களாகிய உங்களுக்கு இறாலைப்பற்றி நான் வந்து சொல்லவேண்டிய அவசியமில்லை. ஆனால் உங்கள் வலைக்கண்ணில் தங்காமல் நழுவிப் போகிற ஒரு சிற்றிறால் குடும்பத்தைப்பற்றியே இன்று பேசப்போகிறேன். நீளம் ஏறக்குறைய அரை அங்குலம். உடம்போ கண்ணாடிபோல் தெளிவு. மிதந்தே வாழ்ந்து மீனுக்கு இரையாவது. சந்தையில் வாங்குகிறீர்களே சென்னாக்குன்னி, அதற்கு இது தாயாதி முறை.

பிரிட்டிஷ் ராணுவத்தில் டாக்டராயிருந்த ஜான் வாகன் தாம்சன் என்பவர் 1829-ல் இதற்கு வைத்த பெயர் லூசிபர். லத்தீனில் ஒளி கொண்டுவருவது என்று அர்த்தம்; விடிவெள்ளிக்கும் அதே பெயர்தான். மதக்காரர்கள் பிறகு அதைச் சாத்தானுக்குச் சூட்டிவிட்டார்கள். 2016-ல் வெரெஷ்சாகா, ஓலெசன், லூனினா என்ற மூன்று ஆராய்ச்சிக்காரர்கள் இக்குடும்பத்தின் ஏழு வகைகளையும் மறுபடி சோதித்து இரண்டு கிளைகளாகப் பிரித்தார்கள். இரண்டு வகை லூசிபரிலேயே நின்றது. மற்ற ஐந்துக்கும் அவர்கள் வைத்த பெயர் பெல்செபப். அதாவது தமிழ் பைபிளில் பெயெல்செபூல் என்று வருகிற பிசாசுகளின் தலைவன்!

இத்தனை பிசாசுப் பெயர்களைச் சுமந்தும் அந்தப் பிராணிக்கு ஒரு கொம்பாவது முளைத்ததா? அதைக் கண்டு ஒரு மீனாவது பயந்து ஓடிற்றா? பெயரின் யோக்கியதை அவ்வளவுதான்.

அப்படியானால் எதைக்கொண்டு அடையாளம் காண்பது? உறுப்பைக்கொண்டுதான். பிடித்ததை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைக்கிறார்கள். ஒன்று, கண் ஓரிடத்திலும் வாய் வெகுதூரம் பின்னாலுமாக, தலையின் முன்பாகம் கழுத்துப்போல் நீண்டிருக்கும். இரண்டு, பொதுவாக இறால்களுக்கு நடைக்கால் ஐந்து ஜோடி. இதற்குக் கடைசி இரண்டு ஜோடி கிடையாது. மூன்று, செவுளே இல்லை. இவையெல்லாம் இருந்தால் குடும்பம் நிச்சயம். பிறகு, கண்ணைத் தாங்கும் காம்பு நீண்டிருந்தால் லூசிபர், குட்டையாயிருந்தால் பெல்செபப். இன்ன வகை என்று முடிவு கட்ட, வளர்ந்த ஆணின் ஆறாவது வயிற்றுக் கணுவுக்கு அடியிலுள்ள இரண்டு முளைகளையும் அதன் இனவிருத்தி உறுப்பையும் பார்க்கவேண்டும். கிடைத்தது குஞ்சாயிருந்தால், அறிந்தவன் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வானே தவிர மேலே துணிந்து சொல்லமாட்டான்.

இந்த வித்தைக்குச் சீமைக்குப் போகவேண்டுமென்பதில்லை. பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலோடு சேருமிடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே சென்று இதைக் கற்கலாம்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது இரண்டு. முதலாவது, 187 வருஷமாக இருந்த ஏற்பாடானாலும் புதுச் சான்று வந்தவுடன் மாற்றப்படுகிறது. பெரியவர் வைத்தது என்பது அங்கே ஒரு காரணமாகாது. இரண்டாவது, லூசிபர் மேல், பெல்செபப் கீழ் என்று அதில் உயர்வு தாழ்வு கிடையாது.

நம் நாட்டிலும் மனிதர்களைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். எந்தக் காம்பைப் பார்த்துப் பிரித்தார்கள்? எந்தக் கணுவை எண்ணிப் பார்த்தார்கள்? ஊரும் பெயரும் சொல்லாமல் பத்துப் பேரை வரிசையாக நிறுத்துவோம். உலகத்து மைக்ராஸ்கோப்பையெல்லாம் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, இவன் மேல்ஜாதி, இவன் கீழ்ஜாதி என்று சொல்லட்டுமே பார்ப்போம்! அரை அங்குலப் பிராணியைப் பிரிப்பதற்கே இத்தனை அத்தாட்சி வேண்டியிருக்கும்போது, மனிதனைப் பிரிப்பதற்கு ஓர் அத்தாட்சியும் வேண்டாமென்பது எவ்வளவு அக்கிரமம்!

ஆகவே தோழர்களே! எவன் எந்தப் பெயரைச் சொல்லி மிரட்டினாலும், எந்த அடையாளத்தைக்கொண்டு சொல்கிறாய் என்று கேட்க உங்கள் பிள்ளைகளைப் பழக்குங்கள். என் பேச்சையும் அப்படியே ஒப்புக்கொள்ளவேண்டாம். தாம்சன் செய்ததுபோல் ஒரு மெல்லிய மஸ்லின் துணியைக் கூம்பாகத் தைத்துப் படகின் பின்னால் மெதுவாக இழுங்கள். வந்ததைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.