சொன்னதும் சென்று சேர்ந்ததும்

1990-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்னும் உளவியல் ஆய்வு மாணவி எளிய சோதனை ஒன்றை நடத்தினார். ஒருவர், யாவரும் அறிந்த பாட்டொன்றின் தாளத்தை மேசையின்மேல் விரலால் தட்டவேண்டும். எதிரில் அமர்ந்தவர் அப்பாட்டு இன்னதெனக் கூறவேண்டும். பாதிப்பேராவது கண்டுகொள்வர் எனத் தட்டியவர்கள் நம்பினர். ஆனால், தட்டப்பெற்ற 120 பாட்டுகளுள் கண்டறியப்பட்டவை 3 மட்டுமே. தட்டுபவர் உள்ளத்தில் பாட்டு முழுவதும் ஒலிக்கின்றது. கேட்பவர் செவிக்கு எட்டுவதோ வெறும் தட்டொலி.

நம் இல்லங்களிலும் இதுவே நிகழ்கின்றது. தாம்பரத்து வீடொன்றை எண்ணிப் பார்க்கலாம். கடற்கரையிலிருந்து வரும் மின்தொடர்வண்டியில் நெரிசலுக்கிடையே மகன் நின்றுகொண்டிருக்கிறான். "இன்னுமா வரவில்லை?" எனத் தந்தை தொலைபேசியில் வினவுகிறார். மழை பிடித்துக்கொண்டதே, பிள்ளை நனைவானே என்னும் கவலைதான் தந்தையின் நெஞ்சில் ஒலிப்பது. மகன் செவியில் விழுவதோ குற்றச்சாட்டு. "வந்துகொண்டுதானே இருக்கிறேன்!" எனச் சினந்து துண்டிக்கிறான். அன்றிரவு ஒரே கூடத்தில் இருந்தும் இருவரும் பேசவில்லை. இத்தகைய இரவுகள் பெருகினால், சொத்துத் தகராறு ஏதுமின்றியே குடும்பம் இரண்டாகும்.

இதற்குத் தீர்வு உண்டா? உளவியல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ் 1951-இல் ஒரு வழி கூறினார்: எதிராளி சொன்னதை, அவர் 'ஆம், அதுவே' என ஒப்புமாறு முதலில் எடுத்துரைக்கவேண்டும், அதன் பின்னரே தம் கருத்தைக் கூறவேண்டும். கேட்க எளிது; சினம் எழுந்த வேளையில் செய்து பார்த்தால்தான் அருமை விளங்கும்.

திருவள்ளுவர் 'கேள்வி'யை 42-ஆம் அதிகாரமாகவும் 'சொல்வன்மை'யை 65-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். கேட்டல் முன், சொல்லல் பின் என்னும் முறைமை அதிலும் புலப்படுகின்றது. அநேகாந்தம் உணர்த்துவதும் இதற்கு அணித்தே: ஒருவர் கண்டது ஒருவகையால் உண்மை; மற்றவர் கண்டதும் பிறிதொரு வகையால் உண்மை. தத்துவ வாதத்தில் அதனைப் போற்றுவோர் கூடத்திலும் அடுக்களையிலும் மறந்துவிடுதல் முறையாகாது.

க்ஷமாவணி நாளில் ஊரார் அனைவரிடமும் பொதுவாகப் பொறுத்தருளக் கேட்டல் எளிது. வீட்டிலுள்ள ஒருவரிடம், "அன்று என் சொல் உன் செவியில் எவ்வாறு விழுந்தது?" எனக் கேட்டு, விடை முடியும்வரை குறுக்கிடாதிருத்தல் கடினம். பொறுத்தல் அங்கேதான் தொடங்குகின்றது.