மூச்சு குறைவா இருந்தா பைபாஸ் பண்ண முடியாதா?

ஸ்ரீரங்கத்துல ரங்கா ரங்கா கோபுரத்துல இருந்து ராஜகோபுரம் வரைக்கும் நடக்கறதுக்குள்ள நாலு இடத்துல நிக்கிற தாத்தா நிறைய வீட்டுல இருப்பார். "வயசாச்சு"ன்னு விட்டுடுவோம். அவருக்கே இதய ரத்தக்குழாயில அடைப்பு, பைபாஸ் பண்ணணும்னு வந்தா? நுரையீரல் தாங்குமா?

பயம் நியாயமானதுதான். வழக்கமான பைபாஸ்ல நெஞ்செலும்பைப் பிளக்கறாங்க. இதயத்தை நிறுத்திட்டு மெஷின் ரத்தத்தைச் சுத்தவிடும்போது, நுரையீரல் சுருங்கிக் கிடக்கும். முடிஞ்சதும் வலி. வலிக்குப் பயந்து ஆழமா மூச்சு இழுக்க மாட்டாங்க, இரும மாட்டாங்க. சளி தேங்கும், நிமோனியா வரும். ஏற்கெனவே பலவீனமான நுரையீரலா இருந்தா வென்டிலேட்டர்ல இருந்து எடுக்கவே நாளாகலாம்.

அதுக்காக 'முடியாது'ன்னு அர்த்தமில்ல. முதல்ல ஸ்பைரோமெட்ரி. ஒரு குழாயில முழு மூச்சையும் வேகமா ஊதணும். ஆரோக்கியமானவங்க முதல் ஒரு விநாடியிலயே முக்கால்வாசி காற்றை வெளியே தள்ளிடுவாங்க. இதுல குறைஞ்சா, அவசரமில்லாத ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிவெச்சு இன்ஹேலர் குடுத்து, தொற்று இருந்தா சரி பண்ணி, சிகரெட்டை நிறுத்தச் சொல்வாங்க. நாலு வாரமாவது முன்னாடி நிறுத்தறது நல்லது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மூச்சுப் பயிற்சிதான். நெதர்லாந்துல 2006ல வந்த ஆய்வு. பைபாஸுக்குக் காத்திருந்த, நுரையீரல் சிக்கலுக்கு வாய்ப்பு அதிகமிருந்த 279 பேர். பாதிப் பேருக்கு ரெண்டு வாரமாவது, தினம் 20 நிமிஷம் மூச்சை உள்ள இழுக்கற பயிற்சி. ஆபரேஷனுக்கு அப்புறம் நுரையீரல் சிக்கல் வந்தது, பயிற்சி இல்லாதவங்கள்ல 35 சதவீதம், பண்ணினவங்கள்ல 18 சதவீதம். பெரிய செலவே இல்லாத வேலை!

சிலருக்கு இதயத்தை நிறுத்தாம, துடிக்கும்போதே தைக்கிற முறையும் உண்டு. இந்தியாவோட முதல் பைபாஸ் 1975ல சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில நடந்தது. அங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கோம் பாருங்க. ஆனா அந்த முறை எல்லாருக்கும் பொருந்தாது. சர்ஜனும் நுரையீரல் டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் கலந்து முடிவெடுக்கணும்.

திருச்சியில எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாலும் டாக்டர்கிட்ட முழுசா சொல்லுங்க. சிகரெட்டே தொடாத பாட்டிக்கும், முப்பது வருஷ விறகடுப்புப் புகை நுரையீரலைக் கெடுத்திருக்கலாம். தாத்தா பேரன் முன்னாடி பீடிக் கணக்கைச் சொல்ல மாட்டார். டாக்டர் கேக்கறப்போ நீங்க கொஞ்சம் வெளியே போய் நில்லுங்க.