தொட்டியில் ஒரு திருநந்தவனம்

(ஆன்மிகச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் குன்று அமைந்துள்ளது. அக்குன்றின் மேற்குச் சரிவில் குடையப்பெற்றுள்ள அறிவர் கோயில், சமணப் பெருமக்களின் பழம்பெரும் வழிபாட்டிடமாகும். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், அவனிபசேகரன் ஸ்ரீவல்லவன் என்னும் பாண்டிய மன்னன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலின் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து, முகமண்டபமும் எடுப்பித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

அர்த்தமண்டபத்தின் விதானத்தில் ஒரு தாமரைத் தடாகம் தீட்டப்பெற்றுள்ளது. மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் திளைக்கும் அத்தடாகத்தில் மூவர் மலர் கொய்கின்றனர். தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கச் செல்லும் அடியவர்கள், வழியில் மலர் கொய்யும் காட்சி இது என்பர் அறிஞர். சமயம் எதுவாயினும், இறைவனை நாடிச் செல்பவன் கையில் மலர் இருக்க வேண்டும் என்பது இந்நாட்டின் மரபு.

சைவத் திருமுறை வரலாறும் இதனையே காட்டுகிறது. திருப்புகலூரில் அவதரித்த முருக நாயனார், வைகறையில் எழுந்து நீராடிக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் கொய்து, மாலை தொடுத்துச் சாத்தியே பேறு பெற்றார். கருவூரில் சிவகாமியாண்டார் சுமந்து சென்ற பூக்கூடை பட்டத்து யானையால் சிதறுண்டபோது, எறிபத்த நாயனார் மழுவேந்தி எழுந்தார். கூடையில் இருந்தவை சில மலர்களே. ஆயினும், அம்முதியவரின் நாள்தோறுமான உழைப்பும் அன்பும் அவற்றில் நிறைந்திருந்தன.

சிவபூசைக்குரிய எட்டு மலர்களை அட்டபுட்பம் என்பர். புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டை, நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்பன அவை. சித்தன்னவாசல் தடாகத்தில் பூத்த தாமரைக்கு நீர்நிலை வேண்டும். புன்னைக்கும் சண்பகத்திற்கும் பாதிரிக்கும் தோட்டம் வேண்டும். நிலமில்லாத எளியவரின் முற்றத்திலும், மாடியிலும், ஒரு தொட்டிக்குள் அடங்கி வளர்வது நந்தியாவட்டை. ஆண்டு முழுவதும் இலையுதிராமல் பசுமையாக நிற்கும் புதர்ச்செடி அது. காற்றாடி போல் இதழ் சுழன்ற வெண்மலர். இரவில் மணம் மிகும். ஒற்றை, அடுக்கு என இருவகை உண்டு. நந்தியாவர்த்தம் என்னும் அதன் வடமொழிப் பெயரே, சமண மரபில் மங்கலச் சின்னங்களுள் ஒன்றின் பெயராகவும் விளங்குகிறது.

இச்செடியை வளர்க்கும் முறை எளிது. அடுக்கு நந்தியாவட்டை பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. ஆதலால் போத்து நடுதலே தக்க வழி. மழைக்காலத்தில், பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டுதல் வேண்டும். வெட்டுவாயில் வடியும் பாலைத் துடைத்துச் சற்று உலரவிட்டு, அடியிலைகளை நீக்கி, ஈர மணலும் மண்ணும் கலந்த கலவையில் நட்டு நிழலில் வைத்தால், ஏறத்தாழ இரண்டு மாதங்களில் வேர் பிடிக்கும்.

பின்னர் ஓரடி அகலமுள்ள மண்தொட்டிக்கு மாற்றலாம். அடித்துளையை ஓட்டுச்சில்லால் மூடி, செம்மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்புதல் நன்று. காலை வெயில் இச்செடிக்கு உகந்தது. கத்திரி வெயிலில் மாடித்தளம் தீயாய்க் காயும்போது, பிற்பகல் நிழல் விழும் இடத்திற்குத் தொட்டியை நகர்த்துதல் வேண்டும்.

நீர் ஊற்றுவதற்கு நாள் கணக்கைவிட விரலே தக்க அளவுகோல். விரல் நுனியை மண்ணில் அழுத்தி, மேல்மண் உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுக. நீர் தேங்கினால் வேர் அழுகும். உப்பு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரை நெடுநாள் ஊற்றினால், நரம்பு பசுமையாக இருக்க இலை மட்டும் மஞ்சளாகும். மண்ணில் சுண்ணாம்புத் தன்மை மிகுந்து, வேர் இரும்புச் சத்தை எடுக்க இயலாமையே அதற்குக் காரணம். வடகிழக்குப் பருவமழையின் நீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதும், மட்கிய உரம் இடுவதும் இக்குறையைத் தணிக்கும். வீட்டுப் பூசையில் களைந்த நிர்மாலிய மலர்களைக் கால்படாத இடத்தில் மட்கவைத்து அச்செடிக்கே இடலாம். சாத்திய மலர் மீண்டும் மலராகி வரும்.

புதுத் தளிரிலேயே பூ அரும்பும். ஆதலால் ஒரு பருவம் பூத்து ஓய்ந்ததும் நுனிகளைக் கவாத்து செய்தல் வேண்டும். ஈராண்டுக்கு ஒருமுறை, சுற்றிப் படர்ந்த பழைய வேரைச் சிறிது நீக்கி, புதுமண் இட்டு நடுக. மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ தோன்றினால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். பச்சை நிறப் பெரும்புழு இலைகளைத் தின்னக் கண்டால், கையால் எடுத்து அப்புறப்படுத்துவதே போதும். செடியின் பால் கண்ணில் படாதவாறு காத்தல் வேண்டும். கண்ணோய்க்கு இப்பூவைப் பிழிந்து விடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனை விடுத்து மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

இவை யாவும் சிறிய வேலைகளே. ஆனால் ஒருநாளும் தவறலாகாத வேலைகள். வெளியூர் செல்வோர் தொட்டியை நிழலில் வைத்து, அண்டை வீட்டாரிடம் நீர் ஊற்றச் சொல்லிச் செல்லுதல் வேண்டும். கோடை நாளில் ஒரு வார மறதியே பல ஆண்டு வளர்ந்த செடியை மாய்த்துவிடும்.

சித்தன்னவாசலின் ஓவியங்களுள் பெரும்பகுதி காலத்தாலும் மனிதர் கவனக்குறைவாலும் அழிந்துபோயிற்று. எஞ்சியது இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சுவரில் உதிர்ந்த தாமரையை இனி எவராலும் பூக்கச் செய்ய இயலாது. அழிந்ததன் அருமை அழிந்த பின்னரே புலனாகிறது. முற்றத்துத் தொட்டியில் நிற்கும் உயிர்ச்செடிக்கோ இன்னும் காலம் இருக்கிறது. வாடிய கிளையை வெட்டி நீர் ஊற்றினால் அது மீண்டும் தளிர்க்கும்.

கடையில் வாங்கிச் சாத்தும் மலரையும் இறைவன் ஏற்றருள்வான், ஐயமில்லை. எனினும் வைகறையில் தன் கையால் வளர்த்த செடியிடம் சென்று, வண்டு படாத மலர் நான்கைப் பறித்து வருபவர், அம்மலரோடு ஓராண்டின் பொறுமையையும் திருவடியில் சேர்க்கின்றார். பூசை என்பது மலரைச் சாத்தும் நொடியில் தொடங்குவதன்று. வேருக்கு நீர் வார்க்கும்போதே அது தொடங்கிவிடுகிறது.

இல்லந்தோறும் ஒரு தொட்டி. தொட்டிதோறும் ஒரு நந்தியாவட்டை. அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.