வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யும் மருந்து



"நானோ துகளால் புற்றுநோய் குணமாகும்" என்று எங்கோ படித்துவிட்டு வரும் மாணவி, "எங்க பாட்டிக்கும் இது கிடைக்குமா?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அந்தப் பதிலுக்கு நம்மைத் தயார்செய்துகொள்ளவே இந்த உரை.

இந்த மருத்துவம் ஒரு மாணவரின் சோதனையில் தொடங்கியது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் பேராசிரியர் டாப்பைனரிடம் பயின்ற ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பாரமீசியங்கள் எவ்வளவு நேரத்தில் இறக்கின்றன என்று பார்த்தார். சாயத்தின் அளவு ஒன்றே. விடை மட்டும் ஒவ்வொரு முறையும் மாறியது. பிழை என்று தள்ளிவிடாமல் காரணத்தைத் தேடினார். காரணம், சோதனையின்போது விழுந்த வெளிச்சம்! 1900இல் இது வெளியானது. ஆக்சிஜனும் தேவை என்பதை டாப்பைனர் குழுவினர் பின்னர் கண்டனர்.

மருந்து, ஒளி, ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இன்றைய ஒளிச் சிகிச்சை. ஒளியுணர் மருந்தை இரத்தத்தில் செலுத்தி, கட்டியின் மீது குறிப்பிட்ட நிற ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். மருந்து தான் பெற்ற ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. வீரியம் பெற்ற அந்த ஆக்சிஜன் செல்லைச் சிதைக்கிறது. அதன் ஆயுள் மிகக் குறைவு. ஒரு செல்லின் அகலத்தைக்கூட அது கடப்பதில்லை. ஆகவே, ஒளி படாத இடத்தில் சேதம் இல்லை.

ஃபோட்டோஃப்ரின் என்ற மருந்துக்குக் கனடா 1993இலும், அமெரிக்கா 1995இலும் ஒப்புதல் அளித்தன. ஆனால், மருந்து தோலிலும் தங்கிவிடுகிறது. சிகிச்சை பெற்றவர் குறைந்தது 30 நாள்கள் வெயில் படாமல் இருக்க வேண்டும். மருந்தைக் கட்டிக்கு மட்டும் கொண்டு சேர்க்க முடியாதா?

இங்குதான் நானோ ஊர்திகள் வருகின்றன. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒளியுணர் மருந்துகள் பல நீரில் எளிதில் கரையாமல் திரண்டுவிடும். திரண்டால் வீரியம் குறையும். சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழிக்குள் வைத்தால் இரத்தத்தில் பயணம் செய்யும். கட்டியின் இரத்தக் குழாய்களில் கசிவு அதிகம் என்பதால் துகள்கள் அங்கே தேங்கலாம் என்று 1986இல் ஜப்பானின் மாட்சுமுராவும் மயேடாவும் விளக்கினர். ஃபோலிக் அமிலம் போன்றவற்றைத் துகளின் மேற்பரப்பில் இணைத்தால், அவற்றை அதிகமாக ஈர்க்கும் புற்றுச் செல்களோடு அது ஒட்டிக்கொள்ளும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், விலங்குகளில் பத்தாண்டுகள் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் பார்த்தபோது, செலுத்திய துகள்களில் கட்டியை அடைந்தவற்றின் இடைநிலை அளவு வெறும் 0.7 சதவீதம். கல்லீரலும் மண்ணீரலும் பெரும் பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. கணித ஆசிரியர்கள் இந்த எண்ணை வகுப்பில் பயன்படுத்தலாம்.

ஒளிக்கும் எல்லை உண்டு. இருட்டறையில் கைபேசி விளக்கின் மீது விரலை வைக்கச் சொல்லுங்கள். விரல் சிவப்பாகத் தெரியும். நீலத்தையும் பச்சையையும் இரத்தம் பெருமளவு உறிஞ்சிவிட, சிவப்பு மட்டும் ஓரளவு ஊடுருவுகிறது. அதுவும் திசுவுக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவே பயன்தரும். உள்ளுறுப்புகளுக்கு ஒளியிழையைக் குழாய் வழியே செலுத்த வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த மாணவிக்கு நம் பதில்: "ஒளிச் சிகிச்சை சில வகைப் புற்றுநோய்களுக்கு இருக்கிறது. மருந்தை நானோ துகளில் ஏற்றி அனுப்பும் முறை பெரும்பாலும் ஆய்வில்தான் இருக்கிறது. பாட்டிக்கு எது பொருந்தும் என்று அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள். நடக்கும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்."

இந்தப் பதில் அவளுடைய நம்பிக்கையைக் கெடுக்காது; பொய்யான நம்பிக்கையும் தராது. கூடவே ராபின் கதையையும் சொல்லுங்கள். அடுத்த முறை ஆய்வகத்தில் விடை மாறினால், அவள் குறிப்பேட்டில் அடித்துத் திருத்தாமல், "ஏன் மாறியது?" என்று கேட்கட்டும்.