கடைசிக் கதவுதான் கடன்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"மேற்படிப்புக்குப் பணம் எங்கே இருக்கிறது?" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இறுதியாண்டுப் பிள்ளைகள் எங்களைப் போன்றவர்களைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, லோன் கிடைக்குமா?" என்பதுதான். வீட்டில் அப்பாவும் முதலில் போய்ப் பார்ப்பது பாங்க் மேனேஜரைத்தான். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கடன் என்பது மூன்றாவது கதவு. அதற்கு முன்னால் இரண்டு கதவுகள் இருக்கின்றன. அவற்றைத் தட்டிப் பார்க்காமலே நேராகக் கடைசிக் கதவுக்குப் போகிறோம். பல வீட்டுப் பத்திரங்கள் அடமானத்துக்குப் போவது இதனால்தான்.

முதல் கதவு, படிக்கும்போதே கையில் வரும் பணம். எம்.இ., எம்.டெக். படிக்க விரும்புகிறவர்கள் கேட் தேர்வில் தகுதி பெற்று, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஐ.ஐ.டி.க்குத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பக்கத்துக் கல்லூரிகளிலும் உண்டு. முனைவர் பட்டத்துக்கு என்றால் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற வேண்டும். 2023 ஜனவரி முதல் அந்தத் தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து 42,000. வீட்டு வாடகைப் படி தனி. தமிழ், வரலாறு, வணிகவியல் படிக்கிற பிள்ளைகள் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். இது விஞ்ஞானப் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து இல்லை, உங்களுக்கும் உரியது.

வெளிநாட்டிலும் இந்தக் கதவு இருக்கிறது. அமெரிக்காவில் எம்.எஸ். படிப்பவர் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் படிக்கிறார். பிஎச்.டி. படிப்பவருக்கோ, பெரிய பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைத் துறையே ஏற்றுக்கொண்டு, மாதச் சம்பளமும் கொடுக்கும். காரணம் சாதாரணமானது. இளநிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்த உதவவும், பேராசிரியரின் ஆராய்ச்சியைச் செய்யவும் அவர்களுக்கு ஆள் வேண்டும். தருமம் இல்லை, வேலைக்குக் கூலி. அதனால் கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஆனால் 2025-இல் அங்கே அரசு ஆராய்ச்சி நிதியைக் குறைத்ததால், பல துறைகள் பிஎச்.டி. சேர்க்கையையும் குறைத்தன. ஆகவே ஒரே நாட்டை நம்பி உட்காரக் கூடாது. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. விசாவுக்காக ஓராண்டுச் சாப்பாட்டுச் செலவைக் கணக்கில் போட்டுக் காட்டச் சொல்வார்கள். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ என்று ஆனது.

இரண்டாவது கதவு, உதவித்தொகை. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் ஆகியோர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தகுதியுள்ள பிள்ளை நம் கல்லூரியிலேயே இருக்கும். இப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது! பிரிட்டனின் செவனிங், அமெரிக்காவின் ஃபுல்பிரைட்-நேரு போன்றவை வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு. செவனிங்குக்கு இரண்டு ஆண்டு, ஃபுல்பிரைட்-நேரு முதுநிலைக்கு மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள். "இப்போ கிடைக்கலையே" என்று சோர்ந்துபோகாமல், வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து தட்டலாம்.

பழைய கதை ஒன்று. ஜாம்செட்ஜி டாடா 1892-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அது கொடுப்பது கடன் உதவித்தொகை. வாங்கிப் படித்தவர் திருப்பிக் கட்டுகிற பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். கேரளத்தின் உழவூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்குப் பல மைல் நடந்து போய்ப் படித்த ஒருவர், டாடா உதவித்தொகையில் லண்டனுக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தார். அவர்தான் 1997-இல் நம் குடியரசுத் தலைவரான கே.ஆர்.நாராயணன். அந்த அறக்கட்டளை இன்றும் இருக்கிறது.

இப்போது மூன்றாவது கதவு. கடன் வாங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போடாமல் வாங்குவதுதான் ஆபத்து. 30 லட்சம் ரூபாய், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தொகையையும் முதல் நாளே வாங்கிவிட்டால், படிக்கிற இரண்டு வருஷமும் அதற்குப் பிறகு தவணை கேட்காத ஒரு வருஷமும் சேர்த்துத் தனி வட்டியே 9 லட்சம். ஆக 39 லட்சத்தில் தவணை ஆரம்பிக்கும். பத்து வருஷத்தில் கட்ட வேண்டுமானால் மாதம் சுமார் 51,500 ரூபாய். மொத்தம் கிட்டத்தட்ட 62 லட்சம். படிக்கும்போதே வீட்டிலிருந்து மாத வட்டி 25,000-ஐக் கட்டிவந்தால் தவணை சுமார் 39,650-இல் நிற்கும். கையெழுத்துப் போடும் முன் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அங்கே வேலை கிடைக்காமல் இங்கே திரும்பி வந்தாலும், இங்குள்ள சம்பளத்தில் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா? முடியும் என்றால் தைரியமாக வாங்குங்கள். முடியாது என்றால், அந்தப் படிப்பு எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் ஒரு வருஷம் பொறுத்து, முதல் இரண்டு கதவையும் மறுபடி தட்டுங்கள். வீட்டுப் பத்திரத்தில் அம்மாவின் பதினைந்து வருஷ உழைப்பு இருக்கிறது. தங்கையின் படிப்பும் அதில்தான் இருக்கிறது.

இந்தியாவிலேயே படிப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2024 நவம்பரில் மத்திய அரசு பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பட்டியலிட்ட உயர்தரக் கல்வி நிறுவனங்களில் சேர்ந்தால் ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

தம்பி தங்கைகளே, எல்லாவற்றிலும் முக்கியம் காலண்டர். வெளிநாட்டில் ஆகஸ்டு, செப்டம்பரில் வகுப்பு என்றால் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் ஆரம்பித்துவிடும். உதவித்தொகைக்கான கடைசித் தேதி சில சமயம் அட்மிஷனுக்கு முன்பே முடிந்துவிடும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலையக் கூடாது. மூன்றாம் ஆண்டிலேயே தொடங்குங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் பண உதவி தருவதாகக் கடிதம் அனுப்பிவிட்டு உடனே பதில் கேட்டால் பயப்படாதீர்கள். அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்கள், ஏப்ரல் 15-க்கு முன் மாணவரைக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. மரியாதையாக அவகாசம் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். பல துறைகள் செய்கின்றன. அழுத பிள்ளைக்குத்தான் பால்.

கடைசியாக, என் வயதுள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழுப் படிப்புக்கும் பணம் கொடுக்க நம்மில் எல்லாராலும் முடியாது. ஆனால் ஜி.ஆர்.இ. தேர்வுக் கட்டணமே இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை பல சமயம் நின்றுவிடுவது அந்த இடத்தில்தான். பெரிய கட்டணம் வரைக்கும் அது போய்ச் சேருவதே இல்லை. நம் சங்கம் ஆண்டுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வு, விண்ணப்பச் செலவை ஏற்கட்டும். டாடா செய்ததுபோல, வேலைக்குப் போனதும் அவர்கள் அதை அடுத்த ஐந்து பேருக்குத் திருப்பட்டும். என் பங்கை இன்றே பொருளாளர் சாரிடம் கொடுத்துவிடுகிறேன். பணம் கொடுக்க முடியாதவர்கள் ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தைப் படித்துத் திருத்திக் கொடுங்கள், அதுவும் பெரிய உதவிதான்.