முப்பது பக்கத்தில் ஒரு காதல்



ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவில் இரண்டு ஆண்களின் காதலைச் சொல்வதற்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. 'பாய்ஸ் லவ்' என்பார்கள்; சுருக்கமாக பி.எல். எழுதி வரைகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாங்கிப் படிக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்களே. டோக்கியோவின் பெரிய புத்தகக் கடைகளில் இதற்குத் தனி அலமாரிகளே உண்டு. பத்துத் தொகுதி, இருபது தொகுதி என்று நீளும் கதைகளும் இதில் வருகின்றன. அவற்றை இன்று விட்டுவிடுகிறேன். இந்தப் பிரிவின் சிறுகதைகளைப் பற்றியும், அவற்றைப் படித்தவர்கள் சொன்னதைப் பற்றியும்தான் இன்றைய பேச்சு.

இந்தச் சிறுகதைகளைப் பற்றி வாசகர்கள் ஓயாமல் சொல்லும் குறை ஒன்று உண்டு: ஆரம்பித்த வேகத்திலேயே முடிந்துவிடுகிறது. ஒரு கதைக்கு முப்பது, நாற்பது பக்கம். பாத்திரத்தின் பெயர் மனசில் பதிவதற்குள் காதல் வந்துவிடும். எப்படி வந்தது என்று யோசிப்பதற்குள் 'முற்றும்' போட்டுவிடுவார்கள். ஐந்தாறு கதைகளைச் சேர்த்து ஒரு புத்தகமாகப் போடும்போது கடைசியில் நாலு பக்கம் புதிதாக வரைந்து சேர்ப்பது வழக்கம். அந்த நாலு பக்கத்துக்காகவே வாங்குகிற வாசகர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் குறையில் பாதி நியாயம் என்பேன். நடுத்தரமான கைகளில் பக்கம் குறைவு என்பது வெறும் சாக்கு. ஆனால் நெடுங்கதைக்கென்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. ஒருவன் துரத்துவான், இன்னொருவன் ஒதுங்குவான். நடுவில் ஒரு போட்டியாளன் வருவான், ஒரு தவறான புரிதல் வரும், மழையில் ஒரு காட்சி வரும். முப்பது பக்கத்தில் இவ்வளவையும் அடைக்க முடியாது. அதனால் நல்ல கலைஞர் ஒரே ஒரு தருணத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் வாசகரிடம் விட்டுவிடுகிறார். பி.எல்.லில் என்னைக் கவர்ந்தவை பெரும்பாலும் இப்படி விட்டுவிட்ட கதைகள்தான்.

இந்த வகையே சிறுகதையாகத்தான் பிறந்தது. 1970-இல் கெய்கோ தாகெமியா ஒரு சிறுமியர் இதழில் 'சூரிய அறையில்' என்ற கதையை வரைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு மோட்டோ ஹாகியோவின் 'நவம்பர் ஜிம்னாசியம்' வந்தது. ஜெர்மனியில் ஓர் ஆண்கள் விடுதிப் பள்ளியில் நடக்கும் கதை அது. முதலில் அதைப் பெண்கள் பள்ளியில் நடப்பதாகவே வரைந்து பார்த்திருக்கிறார் ஹாகியோ. சரிப்பட்டு வரவில்லை, மாற்றிவிட்டார். அந்தக் காலத்தில் இவர்கள் இருவரும் டோக்கியோவின் நெரிமா பகுதியில், ஓய்சுமி என்ற இடத்தில் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். இருவருக்கும் வயது இருபதைத் தாண்டிக் கொஞ்சம்தான்.

வாசகர் கருத்து இந்தக் கலையில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஹாகியோவின் அனுபவம் போதும். ஜப்பானிய சித்திரக்கதை இதழ்களோடு ஓர் அஞ்சலட்டை வரும். எந்தக் கதை பிடித்தது என்று அதில் எழுதி அனுப்ப வேண்டும். அதில் வரும் வாக்கை வைத்துத்தான் எந்தத் தொடரை நீட்டுவது, எதை நிறுத்துவது என்று ஆசிரியர் குழு முடிவெடுக்கும். 1974-இல் 'தாமஸின் இதயம்' என்ற தொடரை ஹாகியோ தொடங்கினார். 'நவம்பர் ஜிம்னாசிய'த்தின் பெரிய வடிவம் என்றே அதைச் சொல்லலாம். முதல் வாரத்து வாக்கெடுப்பில் அது கடைசி இடத்துக்குப் போனது. நிறுத்திவிடலாம் என்றார்கள். அதே சமயத்தில் அவருடைய 'போ குலம்' புத்தகமாக வந்து, முதல் அச்சின் 30,000 படிகளும் சில நாளில் விற்றுத் தீர்ந்தன. அது வாடாத பூவைப் போல் அழகான ரத்தக் காட்டேரிச் சிறுவர்களின் கதை. அதுவும் தொடர்ச்சியான சிறுகதைகள்தான். அந்த விற்பனையைக் கண்டு ஆசிரியர் குழு வாயை மூடிக்கொண்டது, 'தாமஸ்' தப்பித்தது. இன்று ஜப்பானிய சித்திரக்கதை வரலாற்றில் விடாமல் பேசப்படும் நூல்களில் ஒன்று அது. அஞ்சலட்டை அவசரத்தில் சொன்னதைப் புத்தகம் வாங்கிய கை திருத்தியது.

1978-இல் 'ஜூன்' என்ற இதழ் வந்தது. முழுக்க முழுக்க இந்தக் காதலுக்கென்றே வந்த முதல் வணிக இதழ்களில் ஒன்று. வாசகர்கள் தாங்களே எழுதியதை அனுப்ப, எழுத்தாளர் கவோரு குரிமோட்டோ அதை அச்சிலேயே பிரித்து மேய்வார். எது சரி, எது சொதப்பல் என்று பகிரங்கமாகச் சொல்வார். அடி வாங்கியவர்கள் பலர் பின்னாளில் எழுத்தாளர்களானார்கள்.

இதுவரை சொன்ன கருத்துகள் எல்லாம் பெண்களுடையவை. கதையில் வரும் ஆண்களைப் போலவே வாழ்கிற ஆண்கள் என்ன நினைத்தார்கள்? 1992-இல் 'ஷுவாசிர்' என்ற சிறிய பெண்ணிய இதழில் மசாகி சாத்தோ என்ற தன்பாலீர்ப்பாளர் ஒருவர் மிகக் காரமாக எழுதினார். எங்களைப் பற்றி எதுவுமே தெரியாமல் எங்களை வைத்துப் பொழுதுபோக்குகிறீர்கள். உங்கள் கதையின் அழகான இளைஞர்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை, அவர்களைப் பார்த்துப் பார்த்து எங்களைப் போன்ற சாதாரண ஆட்களை அருவருப்பாகப் பார்க்கிறீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. பெண்கள் பதில் எழுதினார்கள். சிலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர், இது ஆண்களைப் பற்றியதே அல்ல, பெண் உடம்பாக இருப்பதன் சுமை இல்லாமல் காதலைப் படிக்க எங்களுக்குக் கிடைத்த இடம் இது என்றார்கள். விவாதம் 1997 வரை ஓடியது. எனக்கு இரண்டு தரப்பிலும் நியாயம் தெரிகிறது. ஆனால் சாத்தோவின் கேள்வி கலைக்கு நல்லது செய்தது என்பதில் சந்தேகமில்லை. பிறகு வந்த கதைகளில் ஆண்கள் வேலைக்குப் போகிறார்கள், வாடகை கட்டுகிறார்கள், பெற்றோரிடம் என்ன சொல்வது என்று தவிக்கிறார்கள்.

ஃபுமி யோஷினகா 2007-இல் தொடங்கிய 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' அதற்கு நல்ல உதாரணம். தொடர்தான், ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் தனிச் சிறுகதையாக நிற்கும். ஷிரோ வழக்கறிஞர், கென்ஜி முடிதிருத்துபவர். நடுவயதுக்காரர்கள், ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். ஷிரோ அலுவலகத்திலிருந்து நேரத்தோடு கிளம்பி, விலை குறைத்த காய்கறியைப் பொறுக்கி எடுத்து, மாதம் 25,000 யென்னுக்குள் சாப்பாட்டுச் செலவை முடிக்கப் பார்ப்பான். அவன் வேலையிடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. முதல் அத்தியாயத்தில் கென்ஜி தன் கடைக்கு வருகிறவரிடம் ஷிரோவைப் பற்றிப் பேசிவிடுகிறான். ஷிரோவுக்குக் கோபம். எல்லோரும் வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுகிறார்கள், நான் மட்டும் கூட இருக்கிறவனைப் பற்றிப் பேசக் கூடாதா என்கிற பொருளில் கென்ஜி கேட்பான். கதை அதற்குப் பதில் சொல்லாமல் சமையலுக்குப் போய்விடும். அந்த மௌனத்துக்கு எத்தனை மதிப்பெண் போட்டாலும் தகும்.

இதில் ஒரு குறும்பும் இருக்கிறது. ஒரு நண்பன் தன் காதலனை 'கில்பர்ட்' என்று வர்ணிப்பான். தாகெமியாவின் 'காற்றும் மரமும் பாடும் பாட்டு' கதையில் வரும் பேரழகன் பெயர் அது. ஷிரோவும் ஆவலோடு காத்திருப்பான். வந்து நிற்பவனோ தாடி மீசையோடு, வாயைத் திறந்தால் எரிச்சலூட்டுகிற ஓர் ஆள். சாத்தோவுக்கு யோஷினகா இப்படிப் பதில் சொன்னார் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை.

அசுமிகோ நகமுராவின் 'சக மாணவன்' 2008-இல் புத்தகமானது. வகுப்பில் சேர்ந்திசைப் பயிற்சி. எல்லோரும் பாட, வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் பையன் மட்டும் பாடாமல் நிற்கிறான். பக்கத்தில் நிற்கும் கிதார்க்காரப் பையன் அதைக் கவனித்து, திமிர் என்று நினைக்கிறான். பிறகு ஒருநாள் ஆளில்லாத வகுப்பறையில் அதே பையன் தனியாக அந்தப் பாட்டைப் பழகுவதைக் கேட்கிறான். கோடுகள் நூல் போல மெல்லியவை, பக்கத்தில் பாதி வெறும் வெள்ளை. வாசகர்கள் கேட்டுக் கேட்டு இந்தக் கதை பட்டமளிப்பு, கல்லூரி என்று வளர்ந்துகொண்டே போனது. முதல் புத்தகம் தொட்ட உயரத்தைப் பின்னால் வந்தவை தொடவில்லை என்பது என் கருத்து. ஜப்பானில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

எஸ்ட் எம் என்ற பெயரில் வரைபவர் இன்னும் சிக்கனமானவர். 'முட்டாளைக் குருடாக்கும் சிவப்பு' ஸ்பெயினில் நடக்கிறது. ஒருவன் காளையோடு மோதும் வீரன். மற்றவன், அவன் கொன்ற காளையை அறுத்து இறைச்சியாக்குபவன். இந்த வேலைப் பிரிவினையே பாதிக் காதலைச் சொல்லிவிடுகிறது.

கடைசியாக, வாசகர்களையே கதாநாயகிகளாக்கிய ஒரு நூல். கவோரி த்சுருதானியின் 'பி.எல். மெட்டமார்ஃபசிஸ்', 2017-இல் தொடங்கியது, 2022-இல் திரைப்படமாகவும் வந்தது. 75 வயதுக் கைம்பெண் ஒருத்தி வெயிலுக்கு ஒதுங்கப் புத்தகக் கடைக்குள் நுழைகிறாள். அட்டைப்படம் அழகாக இருக்கிறதே என்று ஒரு மங்காவை வாங்குகிறாள். வீட்டில் பிரித்தால் இரண்டு பையன்கள் முத்தமிடுகிறார்கள். 'அடடே' என்கிறவள், அடுத்த தொகுதிக்கு மறுபடி கடைக்குப் போகிறாள். கல்லாவில் நிற்கும் 17 வயதுப் பெண்ணும் ரகசியமாக இதையே படிப்பவள். இருவரும் பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதை பேச ஆரம்பிக்கிறார்கள். அடுத்தடுத்த தொகுதி வர எவ்வளவு காலம் ஆகும் என்று அறிந்ததும், தனக்கு இன்னும் எத்தனை கிடைக்கும் என்று வயதை வைத்துக் கணக்குப் போடுகிறாள் பாட்டி. நெடுங்கதைக்கு எதிராக இதைவிட நல்ல வாதத்தை நான் பார்த்ததில்லை.

'தாமஸின் இதயம்', 'சக மாணவன்', யோஷினகாவின் தொடர், பாட்டி கதை எல்லாமே ஆங்கிலத்தில் புத்தகமாகக் கிடைக்கின்றன. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நாலு பக்கத்தில் பழகிவிடும். இந்தப் பிரிவுக்குப் புதியவர்கள் யோஷினகாவின் முதல் தொகுதியில் தொடங்குங்கள். படித்துவிட்டு, கதை சீக்கிரம் முடிந்துவிட்டதா, சரியான இடத்தில் முடிந்ததா என்று எங்களுக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.