பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் வாரம்

(ஒலுவிலில் ஆசிரியர்களும் பெற்றோரும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

 

ஒலுவிலிலும் அயலூர்களிலும் உள்ள பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் மொழியும் இலக்கியமும் கற்பிப்பதென முடிவு செய்யவே இன்று கூடியிருக்கின்றோம். "பாடசாலையிலே தமிழ் படிப்பிக்கத்தானே செய்கின்றார்கள்; இதற்கு ஏன் தனியாக ஒரு வாரம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு முதலில் விடை சொல்லிவிட்டே திட்டத்துக்கு வரவேண்டும்.

சாதாரணதரப் பரீட்சையில் "தமிழ் மொழியும் இலக்கியமும்" ஒரு கட்டாய பாடம். பிள்ளைகள் எழுதுகின்றார்கள், சித்தியும் அடைகின்றார்கள். ஆயினும், சித்தியடைந்த பிள்ளையை அழைத்து, "வாப்பாவின் காணிக்குத் தண்ணீர் வரவில்லை, பொறியியலாளருக்கு ஒரு கடிதம் எழுது" என்று சொல்லிப் பாருங்கள். பேனா நகராது. செய்யுளுக்குப் பொருள் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தன் வீட்டுக் குறையைச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளையையோ ஆசிரியரையோ இதற்காக நாம் குறைகூறவில்லை. பரீட்சை கேட்பதை அவர்கள் கொடுக்கின்றார்கள். பரீட்சை கேளாததை யார் கொடுப்பது? ஊர்தான் கொடுக்கவேண்டும்.

சட்டம் உண்டு, எழுதும் கை எங்கே?

1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கியது. தமிழ் பேசும் மக்கள் அதை எதிர்த்தார்கள், அடிபட்டார்கள், சிறை சென்றார்கள். முப்பத்தோராண்டுகள் கழிந்த பின், 1987 இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று எழுதியது. 1988 இல் வந்த பதினாறாம் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிருவாக மொழியாகவும் நீதிமன்ற மொழியாகவும் ஆக்கியது. அரசியலமைப்பின் 22 ஆம், 24 ஆம் உறுப்புரைகளில் இவற்றைக் காணலாம். இந்த உரிமைகளைக் கண்காணிக்க 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் சட்டத்தால் உண்டாக்கப்பட்டது.

சட்டப் புத்தகத்தில் இவ்வளவும் இருக்கின்றன. ஆனால் நமது அலுவலக மேசைக்கு வருவது யாது? தனிச் சிங்களத்தில் எழுதப்பட்ட கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விவசாயிகள் வருகின்றார்கள். ஒருவர் அக்கடிதத்தை வாசிப்பித்துக் கொள்வதற்குள் ஆட்சேபம் தெரிவிக்கவேண்டிய தவணை கடந்துவிட்டது. அனுப்பிய அலுவலகத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. "எனக்குத் தமிழில் பதில் தருக, அது எனது உரிமை" என்று இரண்டு வரி எழுதும் பழக்கம் அந்த வீட்டில் ஒருவருக்கேனும் இருந்திருந்தால், முதற் கடிதத்தோடேயே காரியம் திருந்தியிருக்கும். உரிமை கேட்பவனுக்குத்தான் சட்டம். கேட்பதற்கு மொழி வேண்டும். அதுவும் திருத்தமான எழுத்து மொழி வேண்டும்.

மூன்று ஐயங்கள்

நம்மிடையே மூன்று ஐயங்கள் உலவுகின்றன.

முதலாவது, மார்க்கக் கல்வி இருக்கத் தமிழுக்கு ஏன் இத்தனை சிரமம் என்பது. குர்ஆனை அரபியில் ஓதுகின்றோம். அதன் பொருளை எந்த மொழியில் உணர்கின்றோம்? ஜும்ஆப் பிரசங்கத்தை எந்த மொழியில் கேட்கின்றோம்? நபிகள் நாயகத்தின் வாழ்வை உமறுப்புலவர் பதினேழாம் நூற்றாண்டில் சீறாப்புராணமாகப் பாடியபோது, அரபு நாட்டின் வளத்தைச் சொல்ல மழையையும் ஆற்றையும் உழவையும் நாற்று நடுகையையுமே பாடினார். தமது மக்கள் அறிந்த வயலைக் காட்டியே மார்க்கத்தைச் சொன்னார். கண்டியிலே சட்டத் தொழில் புரிந்த அறிஞர் சித்திலெவ்வை 1882 இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தமிழில் தொடங்கினார். 1885 இல் "அசன்பேயுடைய கதை" என்னும் நாவலைத் தமிழில் எழுதினார். சமுதாயத்தை விழிக்கச் செய்ய விரும்பியவர் தமிழையே கருவியாகக் கொண்டார். 1952 பெப்ரவரி 21 ஆம் நாள் டாக்காவிலே வங்க மொழிக்காக உயிர்நீத்த மாணவர்களை நினையுங்கள். அவர்களும் முஸ்லிம்களே. உலகம் இன்று அந்த நாளைத் தாய்மொழி நாளாகக் கொண்டாடுகின்றது.

இரண்டாவது, ஆங்கிலந்தான் சோறு போடும் என்பது. ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இங்கிருந்து நிந்தவூரைத் தாண்டினால் காரைதீவு. 1892 இல் அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்றவர். ஆங்கிலப் புலமை மிக்கவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. பழைய யாழ்களின் இசையைக் கணக்கிட்டு யாழ்நூலை எழுதி 1947 இல் உலகுக்குத் தந்தார். அவர் கற்ற விஞ்ஞானம் அவருடைய தமிழுக்குத் துணைநின்றது. ஒரு மொழியில் ஒழுங்காகச் சிந்திக்கத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாவது மொழி எளிது. தாய்மொழியே தடுமாறினால் ஆங்கிலமும் மனப்பாடமாகவே நின்றுவிடும்.

மூன்றாவது ஐயம் சிங்களம் பற்றியது. அயலவன் மொழியைக் கற்பது நன்று. நமது பிள்ளைகள் கற்கட்டும். ஆனால் அயலவனோடு பேசுவதற்காகக் கற்பது வேறு. தன் சொந்தக் காணியைப் பற்றிய கடிதத்தை வாசிப்பதற்காகக் கட்டாயத்தால் கற்பது வேறு.

வாரத்தின் வகுப்பு

இனித் திட்டத்துக்கு வருவோம். காலை முதல் இரண்டு பாடவேளைகள். திங்கள் முதல் வெள்ளி வரை. ஆறாம் ஆண்டு முதல் ஒன்பதாம் ஆண்டு வரையுள்ள பிள்ளைகள். பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பாரம் உண்டு. அவர்களைத் தொந்தரவு செய்யவேண்டியதில்லை. ஒரு குழுவுக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம்.

திங்கட்கிழமை, ஊர்ச் சொல். ஒவ்வொரு பிள்ளையும் முதல்நாளே வீட்டுப் பெரியவர்களிடம் இருபது சொற்களைக் கேட்டு எழுதி வரவேண்டும். வட்டை, வட்டவிதானை, முல்லைக்காரன், வாடி, களவெட்டி, சூடு, பொலி, அவணம் என்று வயலில் எத்தனை சொற்கள்! அறுவடை இயந்திரம் வந்த பின் சூடு வைப்பதும் மிதிப்பதும் அருகிவிட்டன. தொழில் போனால் அதன் சொல்லும் போகும். எழுதி வைத்தால் சொல்லேனும் எஞ்சும். கடற்கரைப் பிள்ளைகள் காற்றின் பெயர்களைக் கொண்டுவரட்டும்: வாடை, கொண்டல், கச்சான், சோளகம். இவற்றுள் வாடையும் கொண்டலும் பழந்தமிழ் இலக்கியத்திலே வழங்கிய சொற்கள் என்பதை ஆசிரியர் அகராதியைத் திறந்து காட்டவேண்டும். தன் வாப்பா தோணியிலே நின்று சொல்லும் சொல் புலவர்களின் நூலிலும் இருப்பதைக் கண்ட பிள்ளை, அதன்பின் தன் பேச்சைக் குறித்து வெட்கப்படாது.

செவ்வாய்க்கிழமை, பாட்டு. மூத்தம்மாமாரை வகுப்புக்கு அழையுங்கள். தாலாட்டும் வயற்காட்டுக் கவியும் அவர்கள் நாவில் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கியபோது இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். போன உயிர்களோடு எத்தனை பாட்டுகள் போயின என்று கணக்கெடுத்தவர் எவருமில்லை. எஞ்சியிருப்பவற்றைப் பிள்ளைகள் கேட்டு, சொன்னவர் பெயரோடும் ஊரோடும் எழுதட்டும். பாடியவரின் சொல்லைத் திருத்தவேண்டாம், கேட்டவாறே எழுதவேண்டும். இது இலக்கியப் பாடமும் ஆகும். பிறர் சொன்னதைத் திரிக்காமல் பதியும் நேர்மைப் பாடமும் ஆகும்.

புதன்கிழமை, நமது கரையின் எழுத்தாளர்கள். பிள்ளைகள் அறிந்த கவிஞர்கள் எல்லோரும் தொலைவில் பிறந்தவர்கள். பெரியநீலாவணையில் பிறந்த நீலாவணன் இம்மண்ணின் நெல் வேளாண்மையையே ஒரு காவியமாகப் பாடினார். அவர் 1975 இல் மறைந்தார். "வேளாண்மை" என்னும் அக்காவியம் 1982 இல் நூலாயிற்று. கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் 1981 இல் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குத் தந்தார். 1999 இல் இக்கால எழுத்துத் தமிழுக்கு ஓர் அடிப்படை இலக்கணம் எழுதினார். மருதமுனையின் மருதூர்க்கொத்தன் சிறுகதை எழுதினார். கல்முனையின் சோலைக்கிளி கவிதை எழுதுகின்றார். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் அமையப் பாடுபட்ட எம்.எச்.எம். அஷ்ரஃப் சட்டத்தரணி, அமைச்சர், "நான் எனும் நீ" என்ற கவிதை நூலின் ஆசிரியரும்கூட. ஒரு குழு ஒரு நூலை எடுத்து, ஒரு பகுதியைச் சேர்ந்து வாசித்து, தமக்குப் பட்டதைப் பேசவேண்டும். ஆசிரியர் பொருள் சொல்லிப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளும் முறை இந்த ஒரு நாளாவது வேண்டாம்.

வியாழக்கிழமை, விண்ணப்பம். நமது மனத்துக்கு மிக நெருங்கிய நாள் இது. சட்டத்தரணிகள் நால்வர் ஐவர் வகுப்புக்கு வரக் கடமைப்பட்டுள்ளோம். இங்கே இலக்கணம் உயிர்பெறும். "வாய்க்கால் உடைக்கப்பட்டது" என்று எழுதினால், உடைத்தவர் யார் என்பது மறைந்துவிடும். "தண்ணீர் விடவில்லை" என்று எழுதினால், விடவேண்டியவர் தப்பிவிடுவார். எழுவாய் இல்லாத வாக்கியத்தில் பொறுப்பாளியும் இல்லை! எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று பிள்ளை மனப்பாடம் செய்தது எதற்காக என்பதை அன்று அறியும். யார், எதை, எந்த நாளில் செய்தார் அல்லது செய்யாதிருந்தார், நாம் கேட்பது யாது, எந்த நாளுக்குள் கேட்கின்றோம்: ஐந்தையும் ஒரு பக்கத்தில் எழுதவேண்டும். கற்பனை விண்ணப்பம் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலோ ஒழுங்கையிலோ உள்ள உண்மையான ஒரு குறையை எழுதட்டும். பெரியவர் ஒருவர் கையொப்பமிட்டு அதை உரிய அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்பவேண்டும். வரும் பதிலைப் பாடசாலைச் சுவரில் ஒட்டவேண்டும். பதில் வராவிடின் வெறும் தாளை ஒட்டுங்கள். அதுவும் ஒரு பாடமே.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன்பே முடியும் சிறு அவை. நான்கு நாளும் எழுதியவை கையெழுத்துப் பத்திரிகையாகத் தொகுக்கப்படும். ஒவ்வொரு பிள்ளையும் தான் எழுதியதிலிருந்து சில வரிகளை எழுந்து நின்று வாசிக்கவேண்டும். பிரதம அதிதி வேண்டாம், மாலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். முதற்பரிசு, இரண்டாம் பரிசும் வேண்டாம். போட்டிகள் நடத்துவதற்குத் தமிழ்மொழித் தினம் இருக்கின்றது. போட்டியில் மேடையேறுவோர் மூவர். கீழே அமர்ந்து கைதட்டுவோர் முந்நூறு பேர். அந்த முந்நூறு பேருக்காகவே இந்த வாரம்.

காலமும் கையும்

எப்போது நடத்துவது? பெரும்போக அறுவடையின்போது வைத்தால் பெற்றோர் வரார். சிறுபோக விதைப்பு ஓய்ந்த பின், பெருநாளும் பரீட்சையும் குறுக்கிடாத ஒரு வாரத்தை அதிபர்களும் விவசாயச் சங்கத்தினரும் ஒன்றாக அமர்ந்து குறிக்கவேண்டும். அக்கரைப்பற்று வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியை எழுத்தில் பெறவேண்டும். அந்தக் கடிதம் நிச்சயமாகத் தமிழில் இருக்கவேண்டும்.

யார் கற்பிப்பது? நமது ஆசிரியர்களே முதற் பொறுப்பு. 1995 இல் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடம் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கின்றது. ஊரின் மதிலுக்கு அப்பால் இவ்வளவு நூல்களும் தமிழ் பயிலும் மாணவர்களும் இருக்க, ஊர்ப் பிள்ளைகள் மதிலையே பார்த்துக்கொண்டு போவது அழகன்று. குழுவுக்கு ஒரு பல்கலைக்கழக மாணவரை உதவிக்குக் கேட்போம். செலவு பயிற்சிக் கொப்பியும் தாளும் தபாற் கூலியும் மட்டுமே. அரசியல்வாதியிடம் கையேந்தாது ஊரே இதைத் தாங்கலாம்.

இன்னுமொரு வேண்டுகோள். காரைதீவுப் பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைப் புதன்கிழமை இங்கே அழைப்போம். அடுத்த முறை நமது பிள்ளைகள் அங்கே சென்று விபுலாநந்தர் பிறந்த மண்ணைப் பார்க்கட்டும். 1985 முதலாக இக்கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நேர்ந்தவற்றை அறியாதவர் எவருமில்லை. இரு பக்கத்திலும் மையித்தும் பிணமும் சுமந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கின்றார்கள். ஒரு வாரப் பாடத்தால் அவை மறந்துபோகும் என்று சொல்ல நாம் துணியவில்லை. ஆனால் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து, ஒரே வாய்க்காலைப் பற்றி, ஒரே மொழியில் ஒரு விண்ணப்பம் எழுதுவார்களாயின், நாளை அந்த வாய்க்காலுக்காக ஒருவரோடொருவர் மோதாமல் இருக்க அது ஒரு தொடக்கமாகும்.

பெரியோர்களே! நம் முன்னோர் விட்டுச் சென்ற காணியின் எல்லைக்கற்களை ஆண்டுதோறும் போய்ப் பார்த்துவருகின்றோம். மொழியும் நமக்கு வந்த காணியே. அதை உழாமல் விட்டால் பற்றை மூடும். பின்பு அதற்கு உரித்துக் கேட்க நம்மிடம் ஆதாரமிராது. ஆகவே இந்தக் கூட்டம் கலையுமுன் மூன்று காரியம் முடியவேண்டும்: வாரத்தைக் குறிக்க ஐவர் குழு, வலய அலுவலகத்துக்குக் கடிதம், வியாழக்கிழமை வகுப்புக்கு வரும் சட்டத்தரணிகளின் பெயர்ப் பட்டியல். பட்டியலில் முதற் பெயராக நமது பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.